திருவருகைக் காலத்துக்கு மனதை ஆயத்தப்படுத்துதல்: மலையகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் 23ஆம் திகதி மாலை, பாவசங்கீர்த்தனத்துக்காக, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவதற்காக, கோவிலின் வெளிச்சுவர் ஓரமாக நீண்டிருந்த வரிசையில் நானும் குடையோடு நின்றேன். பதினைந்து வருடம் கொழும்பில் வேலை செய்து, கோவில் வாசலையே மிதிக்காமல் இருந்துவிட்டு, தோட்டத்துக்குத் திரும்பிய பின் வந்த முதல் நத்தார் அது. உள்ளே போய் முழந்தாளிட்டதும் பங்குத்தந்தை கேட்ட இரண்டாவது கேள்வி, "திருமணம் கோவிலில் நடந்ததா?" என்பது. நடக்கவில்லை. என் மனைவி சைவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். நாங்கள் பதிவுத் திருமணம் மட்டுமே செய்திருந்தோம். அதை ஒழுங்குபடுத்தாமல் பாவமன்னிப்புத் தர இயலாது என்பதை அவர் மிகுந்த கனிவோடு விளக்கி, என்னை ஆசீர்வதித்து, ஜனவரியில் வந்து சந்திக்கச் சொன்னார். நான் ஜனவரியில் போகவில்லை. அடுத்த ஒக்டோபரில்தான் போனேன். கடதாசிகள் முடியாமல் இரண்டாவது நத்தாரும் நன்மை (நற்கருணை) வாங்காமலே கழிந்தது.

மனதை ஆயத்தப்படுத்துவது மனத்துக்குள் மட்டும் நடக்கும் காரியம் என்று நான் நினைத்திருந்தேன். அதற்கும் நாள் இருக்கிறது, கடதாசி இருக்கிறது, கையில் ஒதுக்க வேண்டிய காசு இருக்கிறது, காலையில் எழும்ப வேண்டிய நேரம் இருக்கிறது என்பதை எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லித் தரவில்லை. நீண்ட காலத்துக்குப் பின் கோவிலுக்குத் திரும்புகிறவர்களுக்கும், திருமணத்தின் வழியாகவோ சொந்த விருப்பத்தாலோ புதிதாக வருகிறவர்களுக்கும், நான் செய்ய வேண்டியிருந்த ஒழுங்கிலேயே இதை எழுதுகிறேன்.

1. முதலில் நாட்காட்டியைக் கையில் எடுங்கள்

நத்தாருக்கு முந்திய ஆயத்தக் காலமான திருவருகைக் காலம் டிசம்பர் முதலாம் திகதி தொடங்குவதில்லை. நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறே முதல் ஞாயிறு. அதிலிருந்து நான்கு ஞாயிறுகள் வரும். நத்தார் வாரத்தின் எந்தக் கிழமையில் விழுகிறது என்பதைப் பொறுத்து, இந்தக் காலம் 22 நாட்களாகவும் சுருங்கலாம், 28 நாட்களாகவும் நீளலாம். 2026இல் முதல் ஞாயிறு நவம்பர் 29. அடுத்தவை டிசம்பர் 6, 13, 20. 2027இல் நவம்பர் 28 தொடங்குகிறது. தவக்காலத்தைப் போல நாற்பது நாள் இருக்கும் என்று எண்ணி முதல் வாரத்தைத் தவறவிட்டால், ஏறக்குறைய கால்வாசி போய்விடும்.

இதற்குள் இரண்டு பகுதிகள் உண்டு. டிசம்பர் 16 வரை வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பற்றியும் விழித்திருப்பதைப் பற்றியும் பேசும். டிசம்பர் 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கிய நேரடி ஆயத்தம். புதியவர்கள் பலர் முதல் ஞாயிறே குழந்தை இயேசுவைப் பற்றிய பிரசங்கத்தை எதிர்பார்த்துப் போய், உலக முடிவைப் பற்றிய நற்செய்தியைக் கேட்டுக் குழம்புகிறார்கள். கோவில் மாறிவிடவில்லை; ஒழுங்கே அப்படித்தான்.

நாட்காட்டியில் குறிக்க வேண்டிய வேறு இரண்டு: டிசம்பர் 8இல் வரும் மரியாவின் அமல உற்பவப் பெருவிழா ஒன்று; டிசம்பர் போயா (பௌர்ணமி) விடுமுறை மற்றது. போயா நாளில் பெரட்டும் (தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் கூட்டம்) இல்லை, பாடசாலையும் இல்லை. குடும்பமாகப் பங்குக் கோவிலுக்குப் போய்வர வார நாட்களில் நமக்குக் கிடைக்கும் ஒரே முழு நாள் பெரும்பாலும் அதுதான். அதைக் கடைத்தெருவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

திருப்பலி நேரங்களை நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நகரப் பங்குகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று தனித்தனி நேரங்கள் இருக்கும். தோட்டக் கோவில்களில் ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி இருக்காது. ஒரே பங்குத்தந்தை பல தோட்டங்களைப் பார்க்கிறார். உங்கள் டிவிசனுக்கு (தோட்டப் பிரிவுக்கு) எந்த ஞாயிறு அவர் வருகிறார், மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் வழிபாடு நடத்துகிறாரா என்பதை நவம்பர் நடுப்பகுதியிலேயே விசாரியுங்கள். சனிக்கிழமை மாலைத் திருப்பலி ஞாயிறு திருப்பலிக் கடமையை நிறைவு செய்யும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

2. கடதாசி வேலைகளை ஒக்டோபருக்குள் தொடங்குங்கள்

பாவசங்கீர்த்தனம் செய்யவோ செபிக்கவோ யாரும் உங்களிடம் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். ஆனால் உங்கள் நிலை என்னுடையதைப் போல இருந்தால், கடதாசிதான் முதல் படி. கத்தோலிக்கர் ஒருவர் பதிவாளர் முன்னிலையில் மட்டும் திருமணம் செய்திருந்தால், திருச்சபையின் பார்வையில் அது இன்னும் செல்லுபடியாகும் திருமணம் ஆகவில்லை. மற்றவர் திருமுழுக்குப் பெறாதவராக இருந்தால், ஆயரின் விதிவிலக்கு அனுமதியும் வேண்டும். இதற்காக மனைவியோ கணவனோ மதம் மாற வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. கத்தோலிக்கத் துணை தன் விசுவாசத்தைக் காப்பதாகவும், பிள்ளைகளை அதில் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வதாகவும் வாக்களிக்க வேண்டும்; அந்த வாக்குறுதி மற்றவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். எங்கள் வீட்டில் இதைச் சொல்லத் தயங்கியே நான் ஒரு வருடத்தை வீணாக்கினேன். சொன்னபோது என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "இதை ஏன் இவ்வளவு நாள் மறைத்து வைத்தீர்கள்?"

என்னிடம் கேட்கப்பட்டவை இவை: என் திருமுழுக்குச் சான்றிதழின் புதிய பிரதி, பதிவுத் திருமணச் சான்றிதழ், மனைவியின் பிறப்புச் சான்றிதழ், இருவரது அடையாள அட்டைப் பிரதிகள், இரண்டு சாட்சிகள். பங்குக்குப் பங்கு இது சற்று மாறலாம். பழைய சான்றிதழ் பெட்டியில் இருந்தாலும் அது போதாது; பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதியையே கேட்பார்கள், ஏனெனில் உங்கள் உறுதிப்பூசுதலும் திருமணமும் அந்தப் பதிவின் ஓரத்திலேயே குறிக்கப்படுகின்றன. அதை நீங்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கில்தான் எடுக்க வேண்டும். கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டத்திலும், பதுளை, மொனராகலை மாவட்டங்கள் பதுளை மறைமாவட்டத்திலும் அடங்குகின்றன. அட்டனில் பிறந்து பண்டாரவளையில் வாழ்பவருக்கு இரண்டு மறைமாவட்டங்களுக்கு இடையே கடதாசி நகர வேண்டியிருக்கும். அதற்கும் நாள் பிடிக்கும்.

நம்மவருக்கே உரிய ஒரு சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கோவில் பதிவேட்டில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பெயர் என்று இருப்பது தோட்டங்களில் சாதாரணம். நான் சான்றிதழ் எடுக்கப் போன பங்கு அலுவலகத்தில், அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லித் தேடச் சொன்னதால், பதிவே இல்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை என் ஞானத்தாயின் பெயரைச் சொன்ன பிறகுதான் பக்கம் கிடைத்தது. போகும்போது பெற்றோரின் பெயர், ஞானப்பெற்றோரின் பெயர், ஏறக்குறைய எந்த வருடம், எந்தத் தோட்டம் என்பவற்றை எழுதிக்கொண்டு போங்கள். அம்மா உயிரோடு இருந்தால் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிய எங்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது. சான்றிதழுக்கு நான் 500 ரூபா காணிக்கை கொடுத்தேன். அலைச்சலுக்கான பஸ் காசு அதைவிடப் பல மடங்கு. காசு இல்லை என்பதற்காக யாருக்கும் அருட்சாதனத்தை மறுக்கக் கூடாது என்பது திருச்சபையின் சட்டம். ஆகவே கையில் ஒன்றும் இல்லையென்றால் வெட்கப்படாமல் அதைச் சொல்லுங்கள். பல பங்குகளில் திருவருகைக் காலத்துக்குள் திருமணங்கள் வைப்பதைத் தவிர்ப்பார்கள் என்பதால், ஒக்டோபரில் தொடங்குகிறவர் அந்த வருட நத்தாருக்குள் முடிப்பது கடினம். இருந்தாலும் தொடங்குங்கள்.

திருமுழுக்கே பெறாத புதியவர்களுக்கு ஒரு சொல். வளர்ந்தவர்களுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும் முறையான வேளை நத்தார் அல்ல, உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு. திருவருகைக் காலம் நீங்கள் பங்குத்தந்தையிடம் பேசி, மறைக்கல்வியைத் தொடங்குவதற்கு ஏற்ற நேரம்.

3. காசைப் பற்றிய முடிவை நவம்பரிலேயே எடுங்கள்

டிசம்பரில் செபத்தைக் குலைப்பது பெரும்பாலும் பாவச் சோதனை அல்ல, கடன். பத்தாம் திகதி சம்பளம் வரும், முற்பணமும் கிடைத்திருக்கும், பிள்ளைகளுக்கு உடுப்பு, கேக்குக்கு முந்திரிப் பருப்பு, புதிய பாடசாலைத் தவணைக்குச் சப்பாத்து என்று பட்டியல் நீளும். பிறகு முழு மாதமும் மனதில் கணக்குத்தான் ஓடும், செபம் ஓடாது. நாங்கள் இப்போது செய்வது இது: முதல் ஞாயிறுக்கு முந்திய இரவு கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து, எதை வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்று எழுதி, தாளை மடித்து விவிலியத்துக்குள் வைத்துவிடுவோம். அதற்குப் பிறகு அந்தத் தாளில் எதையும் சேர்ப்பதில்லை.

அந்தப் பட்டியலின் முதல் வரி உங்கள் வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்காக இருக்கட்டும். எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) தனியாக இருக்கும் வயோதிபத் தாய் ஒருவருக்கு ஒரு மாதத்து அரிசியும் பருப்பும் என்று வைத்தோம். கடைசியில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்று விட்ட வருடங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை.

4. வளையம்

நான்கு மெழுகுதிரி வைத்த பசுமை வளையத்தை வீட்டில் வைப்பது கட்டாயம் இல்லை, ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைப் போல உதவும் பொருள் வேறில்லை. மூன்று ஊதா, ஒன்று ரோசா. ரோசா மூன்றாவது ஞாயிறுக்குரியது. அன்று திருப்பலி உடையும் ரோசா நிறத்தில் இருக்கலாம், அது மகிழ்ச்சியின் ஞாயிறு. ஊதா மெழுகுதிரி தேடிக் கண்டி வரை போக வேண்டாம். வெள்ளை மெழுகுதிரிக்கு ஊதா ரிப்பனைச் சுற்றினால் போதும். சைப்பிரஸ் கிளைக்கு நமக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துக்குச் சொந்தமான மரத்தில் வெட்டுவதானால் முதலில் கேளுங்கள். களவாக வெட்டிய கிளையால் செய்த வளையத்தின் முன் என்ன செபிப்பது? எங்களுக்குக் கடந்த முறை எல்லாமாக 600 ரூபாவுக்குள் முடிந்தது.

ஈரக் கிளை இரண்டாம் வாரத்திலேயே காய்ந்துவிடும். மர லயத்தில், பலகைச் சுவருக்கு அருகில், எரியும் திரியை விட்டுவிட்டு வெளியே போகவே கூடாது.

5. காலைப் பதினைந்து நிமிடங்கள்

இதுதான் முழு ஆயத்தத்தின் உயிர்நாடி. நான் அதிகம் தடுமாறியதும் இங்கேதான். திருவருகைக் காலத்தைப் பற்றிய எந்தப் பிரசங்கத்திலும் "தனிமையில் அமர்ந்து" என்ற சொற்கள் வரும். லயத்துக் காம்பராவில் ஆறு பேர் படுத்திருக்கும்போது எங்கே தனிமை? பக்கத்துக் காம்பராவில் வானொலி போட்டால் நம் வீட்டில் செய்தி கேட்கும். இரவில் செபிக்கலாம் என்று இரண்டு வாரம் முயன்றேன். தொலைக்காட்சி நாடகம் முடிந்து, பிள்ளைகள் உறங்கி, அமைதி வரும்போது எனக்கும் உறக்கம் வந்துவிட்டது.

கடைசியில் கிடைத்த இடம் இஸ்தோப்பு, வீட்டின் முன் திண்ணை. நேரம் அதிகாலை நான்கே முக்கால். ஐந்து மணிக்கு லயம் முழுக்க அடுப்பு மூட்டும் சத்தம் கேட்கத் தொடங்கும் என்பதால் பதினைந்து நிமிடம் மட்டுமே நமக்குரியது. டிசம்பரில் அந்த நேரத்துக் குளிர் எலும்பைத் தொடும். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, வெறும் தேநீர்க் கோப்பையைக் கைகளுக்குள் வைத்து உட்கார்ந்தால், எதிரே தேயிலை மலை தெரியாது, பனிமூட்டம் மட்டும்தான் தெரியும். வாசல் விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பனி மெதுவாக நகரும். இருட்டில் காத்திருப்பது என்றால் என்ன என்பதை அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அந்தப் பதினைந்து நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருங்கள். பிறகு அன்றைய நற்செய்தியை இரண்டு முறை வாசியுங்கள். சத்தம் வேண்டாம், உதடு அசைந்தால் போதும். அதில் மனதில் தைத்த ஒரு சொல்லை எடுத்து ஐந்து நிமிடம் வைத்திருங்கள். கடைசியில் ஒருவருக்காக மன்றாடுங்கள். பெண்களுக்கு இந்த நேரம் சமையலோடு மோதும் என்பதை என் மனைவி சரியாகவே சுட்டிக்காட்டினார்; ஆகவே அந்த நான்கு வாரமும் காலை அடுப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் நான் மூட்டுகிறேன். அவர் அந்த நேரத்தில் தன் வழியில் தேவாரம் சொல்லி அமர்ந்திருப்பார். ஒரு வீட்டில் ஒருவரின் செபத்துக்காக மற்றவர் முழு வேலையையும் சுமக்கும் நிலை வரக்கூடாது.

வாசிக்க வேண்டியது என்ன? டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து நாளுக்கொரு அதிகாரமாக லூக்கா நற்செய்தியின் 24 அதிகாரங்களையும் வாசிக்கும்படி சிலர் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் முதல் அதிகாரமே 80 வசனங்கள். புதியவர் மூன்றாம் நாளில் பின்தங்கி, ஐந்தாம் நாளில் விட்டுவிடுவார். திருச்சபையின் அன்றாட வாசக ஒழுங்கையே பின்பற்றுங்கள் என்பது என் எண்ணம். அது சிறியது, உலகம் முழுவதும் உங்களோடு அதையே வாசிக்கிறது. 2026 நவம்பரில் தொடங்கும் வழிபாட்டு ஆண்டு, ஞாயிறு வாசகங்களின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு. ஞாயிறுகளில் முக்கியமாக மாற்கு நற்செய்தி. முதல் ஞாயிறு விழித்திருக்கச் சொல்லும் மாற்கு 13. இரண்டாம் ஞாயிறு பாலைநிலத்தில் திருமுழுக்கு யோவான். மூன்றாவதில் யோவான் நற்செய்தியிலிருந்து அதே திருமுழுக்கு யோவான் மீண்டும் வருவார். நான்காவதில் கபிரியேல் தூதர் மரியாவிடம் வருவார். இரண்டாம் ஞாயிறின் முதல் வாசகத்தில், எசாயா நாற்பதாம் அதிகாரத்தில், ஆண்டவருக்குப் பாதை அமைக்கப் பள்ளத்தாக்குகள் நிரப்பப்பட்டு மலைகள் தாழ்த்தப்படும் என்று வரும். ஒவ்வொரு நாளும் செங்குத்தான படிக்கட்டில் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்கும் நமக்கு அந்த வரியைச் சமதரையில் வாழ்கிறவர் விளக்க வேண்டியதில்லை.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2025இல் முதல் ஞாயிறு நவம்பர் 30. அதற்கு இரண்டு நாள் முன்புதான் டித்வா புயல் கரை கடந்தது, மலையகத்தின் பல பாதைகள் மண்சரிவால் அடைபட்டுக் கிடந்தன. பாதை ஆபத்தாக இருக்கும்போது கோவிலுக்குப் போக முடியாமை பாவம் அல்ல. அன்றைய வாசகங்களை வீட்டில் வாசித்து, வளையத்தின் திரியை ஏற்றி, பிள்ளைகளோடு செபமாலையில் பத்து மணிகள் சொல்லுங்கள். அபாய எச்சரிக்கை வந்த மலைச்சரிவில் உயிரைப் பணயம் வைத்துப் போவது பக்தி அல்ல.

6. யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்

இரண்டாம் வாரத்துக்குள் ஒரு தாளில் மனச்சோதனை எழுதுங்கள். பத்துக் கட்டளைகளை ஒழுங்காகப் பார்த்து எழுதுவது ஒரு முறை. நான் அதோடு ஒரு கேள்வியைச் சேர்க்கிறேன்: இந்த நத்தாரில் என் வீட்டு வாசலுக்கு யார் வந்தால் எனக்கு முகம் சுருங்கும்? அந்தப் பெயர்தான் உங்கள் திருவருகைக் கால வேலை. பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உங்கள் மேல் மனத்தாங்கல் இருப்பதாக நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகுங்கள் என்பது மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்னது.

எனக்கு அந்தப் பெயர் என் அண்ணன். அம்மாவின் சேமலாப நிதிப் பணத்தைப் பங்கிட்டதில் வந்த பேச்சு, ஏழு வருடம் நீண்டது. தொலைபேசியில் பேசலாம் என்று மூன்று முறை எடுத்து வைத்தேன். பிறகு, ஒரு போயா நாளில், சொல்லாமலே அவர் இருக்கும் டிவிசனுக்கு நடந்தேன். அண்ணன் மாட்டுக்குப் புல் கட்டிக்கொண்டு நின்றார். நிமிர்ந்து பார்த்தார், கயிற்றை விடவில்லை. "வா" என்று மட்டும் சொன்னார். அண்ணி வெறும் தேநீரைக் கொண்டுவந்து, பழைய வழக்கப்படி என் உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனியைப் போட்டார். நான் தயாரித்துக்கொண்டு போன பேச்சு எதையும் பேசவில்லை. "அண்ணா, அந்தக் காசு விஷயத்தில் நான் பேசியது பிழை" என்பது மட்டும் வந்தது. அவர் பதில் சொல்லாமல் புல்கட்டின் மறுமுனையை என்னிடம் நீட்டினார். இருவருமாகத் தூக்கிக் கொட்டிலுக்குக் கொண்டு போனோம்.

இதில் புதியவர்கள் விழும் பொறிகள் சில. மன்னிப்புக் கேட்கப் போகிறவர் கணக்கை மறுபடி திறக்கக் கூடாது. "நீயும் அன்றைக்கு அப்படிச் சொன்னாயே" என்று ஒரு வாக்கியம் வந்துவிட்டால், போன காரியம் கெட்டுவிடும். குடித்திருக்கும் வேளையில் போகக் கூடாது, எதிரில் இருப்பவர் குடித்திருக்கும் வேளையிலும் போகக் கூடாது. ஆகவே 24, 25ஆம் திகதிகளை இதற்கு வைக்காதீர்கள். அடி, வன்முறை நடந்த உறவுகளில் நேரில் போய் நிற்பது கட்டாயம் அல்ல. பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு அவருக்காகச் செபிப்பதோடு நிறுத்தி, உங்கள் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் ஏற்காமல் கதவைச் சாத்தினாலும் உங்கள் பங்கை நீங்கள் செய்துவிட்டீர்கள்.

7. பாவசங்கீர்த்தனத்தை மூன்றாம் ஞாயிறுக்கு முன் செய்யுங்கள்

டிசம்பர் 20க்குப் பிறகு வரிசை நீளும். பங்குத்தந்தைக்கு ஒருவருக்கு மூன்று நிமிடம்கூடக் கிடைக்காது. பத்துப் பதினைந்து வருடத்துப் பாரத்தை மூன்று நிமிடத்தில் இறக்கிவைக்க முடியாது. இரண்டாம் வாரத்தில் ஒரு வார நாளில், முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். பல பங்குகளில் சில குருக்கள் சேர்ந்து வரும் பொது ஒப்புரவு வழிபாடும் இருக்கும். உங்கள் பங்குத்தந்தைக்கு உங்கள் குரல் தெரியுமே என்று கூச்சப்படுகிறவர்களுக்கு அது உதவும். வேறொரு பங்குக்குப் போவதிலும் தவறில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் குருவுக்கு அனுமதி இல்லை.

செபங்கள் மறந்துபோயிருந்தால் உள்ளே போனதும், "சுவாமி, இத்தனை வருடத்துக்குப் பிறகு வருகிறேன், முறை மறந்துவிட்டது" என்று சொல்லிவிடுங்கள்; அவர் கைபிடித்து நடத்துவார். சாவான (மிகக் கனமான) பாவங்களை வகையும் ஏறக்குறைய எத்தனை முறை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கதை வேண்டாம், மற்றவர் செய்த பிழை வேண்டாம். மாமியாரின் குற்றத்தை மருமகள் சொல்வதும், மருமகளின் குற்றத்தை மாமியார் சொல்வதும் பாவசங்கீர்த்தனம் ஆகாது. இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. தாளில் எழுதிக்கொண்டு போகலாம்; வந்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள், சட்டைப் பையில் விட்டுவிடாதீர்கள்.

8. டிசம்பர் 17 முதல் 24 வரை

மார்கழி பிறந்ததும் தோட்டத்துக் கோயில்களில் விடிகாலைப் பஜனை தொடங்கிவிடும். அந்த மேளச் சத்தத்தைக் குறை சொல்லும் நம்மவர்களை நான் கேட்டிருக்கிறேன். எனக்கு அது எழுப்பும் மணி. அயலவர் இறைவனைத் தேடிக் குளிரில் எழும்பும்போது நான் போர்வைக்குள் கிடப்பது எப்படி?

இந்த நாட்களின் நற்செய்திகளைத் தாளில் எழுதி இஸ்தோப்புச் சுவரில் ஒட்டி வையுங்கள். 17ஆம் திகதி மத்தேயு 1:1-17, 18ஆம் திகதி அதன் தொடர்ச்சியாக யோசேப்பின் கனவு. 19 முதல் 24 வரை லூக்கா முதலாம் அதிகாரம்: சக்கரியா, மரியாவுக்கு வந்த தூது, எலிசபெத்தைச் சந்திக்க மலைநாட்டுக்கு விரைந்தது, மரியாவின் பாடல், யோவானின் பிறப்பு, சக்கரியாவின் பாடல். ஞாயிறு குறுக்கிட்டால் அன்றைக்கு ஞாயிறு நற்செய்தி. 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் ஆண்டவரை ஒவ்வொரு நாளும் ஒரு பெயரால் அழைக்கும் பழைய மன்றாட்டுகள் உண்டு: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அந்தப் பெயரைச் சொல்லி, "வாரும்" என்று பிள்ளைகளோடு மூன்று முறை சொன்னால் போதும். என் சின்ன மகளுக்கு 21ஆம் திகதிப் பெயர்தான் பிடிக்கும்.

17ஆம் திகதிப் பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை வெறும் பெயர்கள் என்று நானும் தாண்டியவன்தான். ஒரு வருடம் அன்றைக்கு என் குடும்பத்தின் பெயர்களை எழுத உட்கார்ந்தேன். அப்பா, தாத்தா, தாத்தாவின் அப்பா; அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கடல் கடந்து வந்து, இந்த மலையில் காடு வெட்டித் தேயிலை நட்டவரின் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாத அந்த வரிகளை வெறுமையாக விட்டு, அவர்களுக்காகவும் செபித்தேன். நீங்களும் எழுதிப் பாருங்கள், அரை மணிநேரம் ஒதுக்குங்கள்.

9. ஒளிவிழாவும் கரோலும்

பாடசாலை ஒளிவிழா, பங்கு ஒளிவிழா, வாலிபர் கரோல், தோட்டத்துக் கரோல் என்று எல்லாவற்றுக்கும் இணங்கினால் இரவு பத்து மணிக்கு முன் வீட்டுக்கு வரமாட்டீர்கள். காலை நான்கே முக்கால் போய்விடும். ஒன்றைத் தேர்ந்து அதை நன்றாகச் செய்யுங்கள். கேக், முறுக்கு, அதிரச வேலைகளை 20ஆம் திகதிக்குள் முடியுங்கள். பாலன் குடிலை எப்போது கட்டினாலும், பாலன் சுரூபத்தை மட்டும் நத்தார் இரவு வரை எடுத்து வையுங்கள். அந்த வெறும் வைக்கோலை நாள்தோறும் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிரசங்கத்தைவிட அதிகம் கற்றுத்தரும்.

10. இருபத்து நான்காம் திகதி

நள்ளிரவுத் திருப்பலி என்ற பெயர் இருந்தாலும் நேரம் இடத்துக்கு இடம் மாறும். மாலையிலேயே முடித்துவிடும் தோட்டக் கோவில்களும் உண்டு. திருப்பலி முடியும் வேளையில் பஸ் இருக்காது. ஓட்டோவை இருபதாம் திகதியே பேசி, போக வரக் கூலியை அப்போதே தீர்மானித்துவிடுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு வான் மலிவாக முடியும். அன்று பகல் கனமாகச் சாப்பிடாதீர்கள். நன்மை வாங்குவதற்கு ஒரு மணிநேரத்துக்கு முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் எடுக்கக் கூடாது என்பதை நினைவில் வையுங்கள். ஒரு மணிநேரம் முன்னதாகவே போய்ச் சேருங்கள். முன் வாங்கில் இடம் பிடிப்பதற்காக அல்ல, ஓட்டத்திலிருந்து மூச்சு அடங்குவதற்காக.

கடதாசி வேலை முடியாமல் இன்னும் நன்மை வாங்க இயலாத நிலையில் இருப்பவர்கள் வீட்டில் தங்கிவிடாதீர்கள். இரண்டு நத்தார் நான் அப்படிப் பின் வாங்கில் இருந்தவன். எல்லோரும் எழுந்து போகும்போது தனியாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கனமானது என்பது எனக்குத் தெரியும். அந்த நிமிடங்களில் ஆண்டவரிடம் வாயைத் திறந்து, "நான் இங்கே இருக்கிறேன், என்னிடம் வாரும்" என்று கேளுங்கள். அவர் உங்களைத் தாண்டிப் போவதில்லை. பல கோவில்களில் கைகளை மார்பில் குறுக்காக வைத்துப் போனால் குரு ஆசீர் அளிப்பார். உங்கள் பங்கில் அந்த வழக்கம் உண்டா என்று முன்னரே கேட்டு வையுங்கள். பங்குத்தந்தையைச் சந்திக்க ஜனவரி முதல் வாரத்தில் ஒரு நாளையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு நேரமானாலும், உறங்கப் போகும் முன் வீட்டின் கடைக்குட்டியின் கையில் பாலன் சுரூபத்தைக் கொடுத்துக் குடிலில் வைக்கச் சொல்லுங்கள். குடிலை 26ஆம் திகதி கலைக்க வேண்டாம். ஜனவரியில் வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நத்தார் காலம்தான். வளையத்தில் காய்ந்த சைப்பிரஸை எடுத்துவிட்டு, கம்பி வட்டத்தையும் ஊதா ரிப்பன்களையும் ஒரு பையில் கட்டி, திருமுழுக்குச் சான்றிதழ் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். அடுத்த நவம்பரில் தேட வேண்டியிருக்காது.